சிலையை எடுத்துவிட்டார்கள், பெயர் இருக்கிறது

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 46 சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜோ பேட்டர்னோ. அமெரிக்கன் ஃபுட்பாலில் 409 வெற்றி. நூலகத்துக்குச் சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர், ஆட்டக்காரப் பையன்கள் ஒழுங்காகப் படிக்கவும் வேண்டும் என்று நின்றவர், எல்லாம் சரி.

2001-இல் ஒரு உதவிப் பயிற்சியாளர் அவர் வீட்டுக்கே போய், முன்பு அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெரி சாண்டஸ்கி குளியலறையில் ஒரு சிறுவனிடம் தவறாக நடந்துகொண்டதைப் பார்த்ததாகச் சொல்கிறார். பேட்டர்னோ மேலதிகாரிகள் காதில் போட்டார். அதோடு முடிந்தது. போலீசுக்கு யாரும் போகவில்லை, சாண்டஸ்கி கைதாக இன்னும் பத்து வருடம் ஆனது. "செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாரே" என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்த ஊரில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்காதது ஏதாவது இருந்ததா? அந்தப் பையன் யார், என்ன ஆனான் என்று விடாமல் கேட்டிருக்க வேண்டாமா? இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2011 நவம்பரில் போனிலேயே அவரை நீக்கினார்கள். அன்று இரவு மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள், பயிற்சியாளருக்காக! இன்னும் செய்திருக்கலாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் இரண்டே மாதம், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். சாண்டஸ்கி மீது 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. இந்த விவகாரத்துக்குத் தண்டனையாக பேட்டர்னோ கணக்கிலிருந்து பறித்த 111 வெற்றிகளை 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே விரலை உயர்த்தியபடி நின்ற வெண்கலச் சிலையை 2012 ஜூலையில் பெயர்த்ததுதான், திரும்ப வைக்கவில்லை. நூலகத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது.