ரசீதின் பின்பக்கம்

இன்று இ-சேவை மையத்தில் எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகளும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வந்திருந்தார்கள்.

அப்பா கையில் நகை அடகு ரசீது. அதன் பின்பக்கம் பென்சிலில் கணக்கு: ஹாஸ்டல், பஸ், புத்தகம். ஓரமாக, மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகை: 'புதுமைப்பெண் 1000' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.

"கவுன்சலிங்ல சேர்ந்தாத்தான்ப்பா இந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது" என்றாள் மகள்.

சும்மா இருக்க முடியாமல், 4 லட்சம் வரை கல்விக்கடனுக்கு அடமானம் வேண்டாம் என்றேன்.

"வட்டி எப்ப இருந்துங்க?"

நான் கடன் வாங்கியபோது கேட்கத் தோன்றாத கேள்வி. கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

"பணம் கொடுத்த நாள்ல இருந்தே ஏறுங்க. தவணைதான் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு."

ரசீதைத் திருப்பினார். மகளிடம் பென்சில் கேட்டார்.