கோஷத்தைத் தலைப்பில் வைப்பதா, மறைப்பதா?

ஒரு கோஷம் எவ்வளவு கேவலமானதாக இருந்தாலும் சரி, அதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் தலைப்பில் அந்தக் கோஷமே உள்ளபடி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நட்சத்திரக் குறி போட்டு நடு எழுத்துகளை மறைக்கக் கூடாது. ‘சாதியப் பெருமிதச் சொல்லாடல்’ என்று நாமாக ஒரு கௌரவமான பெயரைச் சூட்டவும் கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது சும்மா பேசிப் பார்க்கிற விஷயம் இல்லை, நாளைக்கே ஒரு பக்கத்தைத் திறந்தால் முதல் வரியில் எதைத் தட்டுவது என்கிற கேள்வி.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெயர் வைத்ததற்கே ரத்தம் சிந்தியிருக்கிறது. 1997 வரை எங்களுடையது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் மாவட்டம். அந்த வருஷம், கட்டபொம்மனின் தளபதியாக இருந்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு, கடைசியில் எல்லா மாவட்டங்களில் இருந்தும் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை அரசு மொத்தமாக எடுத்துவிட்டது. இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் எதை எழுதினாலும் பயம் வரும், அந்தப் பயம் நியாயமானது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எனக்கு அண்ணாச்சி முறை, ‘ஆண்ட பரம்பரை’ என்கிற சாதிப் பெருமைக் கோஷத்தையே தலைப்பாக வைத்து ஒரு பக்கம் எழுதலாமா என்று நான் கேட்டதும் கையெடுத்துத் தடுத்தார். “வேண்டாம் தம்பி. தலைப்புல கொட்டை எழுத்துல போட்டா, அவனுக்கு நீயே காசு செலவழிச்சு பிளெக்ஸ் வச்ச மாதிரில்லா ஆயிரும்” என்றார். அவர் சொன்னதில் ஒன்று முழுக்கச் சரி: தலைப்பு தனியாகவே ஊர் சுற்றும். தேடல் முடிவில் தலைப்பு மட்டும் வரும், பகுப்புப் பட்டியலில் தலைப்பு மட்டும் வரும், வாட்ஸ்அப்பில் யாராவது சுட்டியை அனுப்பினால் தலைப்பும் ஒரு படமும் வரும். உள்ளே நாம் எவ்வளவு பொறுப்பாக எழுதி வைத்திருந்தாலும் அந்தப் பத்தி தலைப்போடு கூடப் போகாது.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் இது: சம்பவம் வேறு, கோஷம் வேறு. சம்பவத்துக்குப் பிறகுதான் யாராவது பெயர் வைக்கிறார்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைதானார்கள், மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள், நகராட்சி அலுவலகமும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரன் அதற்குக் கலகம் என்று பெயர் வைத்தான், நாம் எழுச்சி என்கிறோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்களே, அதைப் படுகொலை என்பதா வேறு ஏதாவது என்பதா என்று இன்றைக்கும் தரப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் எந்தப் பெயரை எடுப்பது என்று கலைக்களஞ்சியம் யோசித்துத்தான் ஆக வேண்டும். கோஷத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அதன் வார்த்தைகளே அதன் பெயர். அதை மாற்றி நாம் எதை வைத்தாலும் அது நம்முடைய அபிப்பிராயம், அவ்வளவுதான்.

அபிப்பிராயம் மாறும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. ‘வந்தே மாதரம்’ என்று கத்தியதற்காக 1906 ஏப்ரலில் வங்காளத்தில் பரிசால் மாநாட்டுக்கு வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அதே கோஷம்தான் தாமிரபரணிக் கரையிலும் தூத்துக்குடித் தெருக்களிலும் கேட்டது, ஆளும் வர்க்கத்துக்கு அதைவிட அருவருப்பான சத்தம் அன்றைக்கு வேறு இல்லை. அப்போது ஒரு கலைக்களஞ்சியம் அதை ‘ராஜத்துரோகக் கூச்சல்’ என்று தலைப்பிட்டிருந்தால் இன்றைக்கு யாரால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியும்? உடனே, சாதிக் கோஷத்தையும் சுதந்திரக் கோஷத்தையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டும் ஒன்று இல்லை, அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் கட்டுரையின் உடம்பு இருக்கிறது. தலைப்பின் வேலை பக்கத்தை அடையாளம் காட்டுவது.

மறைத்தால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாவது படிக்கிற என் அக்கா மகன், ஸ்கூல் பஸ்ஸில் பசங்க கத்திக்கொண்டு வந்த ஒரு வரியைப் போனில் தட்டிவிட்டு, “மாமா, எங்க தேடுனாலும் ரீல்ஸாத்தான் வருது” என்று காட்டினான். வாங்கிப் பார்த்தேன். அருவா படம், மீசை, பின்னால் சினிமாப் பாட்டு, அடுத்தது, அதற்கடுத்தது, விரல் வலிக்கிற வரைக்கும் அதே. இந்த வரி எங்கிருந்து வந்தது, யாரைக் குறிவைத்துச் சொல்லப்படுகிறது, இதைச் சொன்ன கையோடு யார் யாரை என்ன செய்தார்கள் என்று சொல்கிற ஒரு பக்கம்கூட இல்லை. ‘ஆண்ட பரம்பரை’ என்பதை இங்கே ஒரு சாதி மட்டும் சொல்வதில்லை, ஒன்றோடொன்று மோதுகிற சாதிகள் எல்லாம் அதே வார்த்தைகளை பனியனிலும் பைக்கின் பின்பக்கத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. அது ஒன்றே ஒரு பதினைந்து வயதுப் பையனை யோசிக்க வைக்கும். ஆனால் நாம் அதைச் ‘சொல்லாடல்’ என்ற பெயரில் பூட்டி வைத்தால் அவன் எந்த வார்த்தையைத் தட்டி அங்கே வந்து சேருவான்? வழிமாற்று, அதாவது ஒரு தலைப்பைத் தட்டினால் தானாக வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகிற ஏற்பாடு, அதைப் போட்டால் போதும் என்பார்கள். வழிமாற்றும் அதே கோஷத்தைத் தலைப்பாகக் கொண்ட இன்னொரு பக்கம்தானே, அதை எழுதலாம் என்றால் இதையும் எழுதலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. நல்ல பரிந்துரை. கயிற்றை வாசலிலேயே அவிழ்த்து வாங்கிவிடலாம். வாயில் இருக்கிற கோஷத்தை அப்படி வாங்க முடியாது, அது என்னவென்று விளக்கத்தான் முடியும். நாங்குநேரிப் பக்கம் ரோட்டோரப் பாலச் சுவர்களைப் பார்த்தால் தெரியும், எழுதியதன் மேல் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், வெயில் ஏற ஏற உள்ளே இருக்கிற எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், என் கட்சிக்கு ஒரு விலக்கு உண்டு. அது ‘நாடகக் காதல்’, தலித் இளைஞர்கள் வேறு சாதிப் பெண்களைக் காதலிப்பதாக நடித்து ஏமாற்றுகிறார்கள் என்று பழிபோடும் சொல். 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட சமயத்தில் மேடை மேடையாகப் பரவிய சொல் இது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் ஆணவக் கொலை செய்யப்பட்டபோது, என் போனில் வந்து விழுந்த பதிவுகளில் மறுபடியும் அதைப் பார்த்தேன், பிணம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே. ‘ஆண்ட பரம்பரை’ ஒருவன் தன்னைப் பற்றி அடிக்கிற தம்பட்டம். ‘நாடகக் காதல்’ அடுத்தவன் மேல் சுமத்துகிற குற்றம். அதை மொட்டையாகத் தலைப்பில் வைத்தால் ‘நிலநடுக்கம்’, ‘காலரா’ மாதிரி உலகத்தில் அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் இந்தப் பக்கம் விளக்குகிறது என்று ஆகிவிடும். இங்கே கூட ஒரு சொல் சேர்க்கத்தான் வேண்டும்: ‘நாடகக் காதல் குற்றச்சாட்டு’. ஆங்கில விக்கிப்பீடியா ‘லவ் ஜிகாத்’ பக்கத்தைச் சதிக் கோட்பாடு என்ற சொல்லையும் சேர்த்துத்தான் தலைப்பிட்டிருக்கிறது. தேடுகிறவனுக்கு அவன் தட்டிய வார்த்தைகள் கிடைக்கின்றன, பொய்க்கு நாம் சாட்சி சொல்லவும் இல்லை.

இதற்காக, கண்ட கோஷத்துக்கெல்லாம் பக்கம் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு திருவிழாவில் ஒரு கும்பல் கத்திய வரி அந்தச் சம்பவத்தின் பக்கத்தில் ஒரு வாக்கியமாக இருந்தால் போதும். பல வருஷம் நின்று, பத்திரிகையிலும் தீர்ப்பிலும் ஆய்விலும் பேசப்பட்டதற்கு மட்டும் தனிப்பக்கம். கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் இந்த வாசல்தான். உள்ளே விட்ட பிறகு முகத்தை மூடுவதில் அர்த்தம் இல்லை. செத்துப்போனவர் பெயரையோ அவர் குடும்பத்துப் பெண் பெயரையோ வைத்துக் கத்தும் கோஷம் என்றால் எவ்வளவு பிரபலமானாலும் தலைப்பில் அந்தப் பெயர் வரக் கூடாது, அதில் எனக்குப் பேச்சே இல்லை. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒன்று: 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் இழிவுபடுத்துகிற நோக்கத்தோடு அவமதிப்பதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும்தான். ஒரு கோஷத்தின் வரலாற்றை எழுதுகிறவனுக்கு அந்த நோக்கம் இல்லை.

அண்ணாச்சி இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ‘முழக்கம்’ என்று போடச் சொல்கிறார், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, போடலாம். முதல் வாக்கியத்திலேயே இது சாதி மேலாதிக்கத்தைக் கொண்டாடும் கோஷம் என்று வர வேண்டும், மூன்றாவது பத்தி வரை இழுக்கக் கூடாது என்கிறார், அதுவும் சரி. படம் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே முடிவு: பிளெக்ஸ், கொடி, பனியன், பைக் ஸ்டிக்கர் என்று எதையும் அந்தப் பக்கத்தில் ஏற்றுவதில்லை.