மூன்று வருடமாகப் பாடாத பின்சீட்டு
என் காரின் பின்சீட்டில் உட்காருபவர்கள் "பாட்டே கேட்கவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் நான் வால்யூமைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக! நேற்று ஸ்டீரியோ செட்டிங்ஸைக் குடைந்தபோதுதான் தெரிந்தது: பேலன்ஸ் என்றால் சத்தத்தை இடது வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரிப்பது, ஃபேடர் என்றால் முன் பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிப்பது. என் காரில் ஃபேடர் முழுக்க முன்பக்கமே தள்ளிக் கிடந்திருக்கிறது. நடுவுக்குக் கொண்டுவந்ததும் பின் ஸ்பீக்கர்களுக்கு உயிர் வந்துவிட்டது.

சரி, கை வைத்தது வைத்தாயிற்று என்று எஃப்.எம். நிலையங்களையும் பதிந்துவைத்தேன். நிலையத்தைப் பிடித்துவிட்டு எண் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். நான் இத்தனை நாள் சும்மா தட்டிவிட்டு, பதியவில்லையே என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் பாஸை, அதாவது பாட்டில் 'தும் தும்' என்று வரும் கனத்த ஒலியை, கொஞ்சம் குறைத்தேன், கதவு அதிர்வதும் நின்றது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. புது ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.