பென் சென்ட்ரல் பத்திரத்தில் தொலைந்துபோன மாதம்

நான் சேர்த்து வைக்கும் பழைய பங்குப் பத்திரங்களில், அமெரிக்க ரயில் கம்பெனியான பென் சென்ட்ரலுடையது ஒன்று ஐந்து மாதமாக மேஜையில் கிடந்தது. அதைக் கொடுத்த தேதியில் அழிந்துபோன மாதம் நேற்று ராத்திரி கிடைத்துவிட்டது. டிசம்பர்! அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு மாதத்துக்காக ஏன் இவ்வளவு பாடு? பென் சென்ட்ரலில் ஒரே பெயருக்கு இரண்டு கம்பெனிகள். 1968 பிப்ரவரி 1 அன்று பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் இணைந்தன. இணைந்த கம்பெனி அந்த மே மாதமே ‘பென் சென்ட்ரல் கம்பெனி’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. 1969 அக்டோபர் 1 அன்று அது ‘பென் சென்ட்ரல் டிரான்ஸ்போர்டேஷன் கம்பெனி’ ஆகிவிட, அதற்கு மேலே புதிதாக வந்து உட்கார்ந்த தாய்க் கம்பெனி பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆக, அந்தத் தேதிக்கு முன்னால் கொடுத்த பத்திரம் என்றால் ரயில் ஓட்டிய கம்பெனியுடையது. பின்னால் என்றால் தாய்க் கம்பெனியுடையது. இது புரியாமல் என்னிடம் இருந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு, ஒரே வரலாற்றை எழுதி வைத்திருந்தேன்.

1968 பத்திரத்தில் குழப்பமில்லை, 1970 பத்திரத்திலும் இல்லை. நடுவில் இருப்பதுதான் படுத்தியது. ‘17’ தெரிகிறது, ‘1969’ தெரிகிறது. மாதம் இருந்த இடத்தில் சரியாக, பத்திரம் செல்லாது என்று காட்டக் குத்தும் ரத்துத் துளைகள் விழுந்திருக்கின்றன.

முதலில் பத்திர எண்ணைப் பிடித்துப் போனேன். விற்பனைக்கு வரும் பத்திரங்களின் படங்களைப் பார்த்து எண்ணையும் தேதியையும் அட்டவணையாக எழுதினேன். பங்கு எண்ணிக்கைக்கு ஏற்ப எண் வரிசையே மாறுகிறது என்பதால் பாதி அட்டவணை வீண். மீதியில் என் எண்ணுக்கு இரண்டு பக்கமும் கிடைத்தவை 1969 ஜூலையும் 1970 பிப்ரவரியும். நடுவில் அக்டோபர் 1 சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. பிரயோஜனமில்லை.

அப்புறம் துளைகளையே படிக்க உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு இங்கேதான். துளைகளாலேயே குத்தின ரத்துத் தேதியைப் படிக்க எப்போதும் பின்னால் கறுப்புத் தாள் வைப்போம் இல்லையா, அதே பழக்கத்தில் இதற்கும் கறுப்பையே வைத்துவிட்டேன். துளையும் கறுப்பு, துளைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் மையும் கறுப்பு. எது எழுத்து, எது ஓட்டை என்றே பிரியவில்லை. மாதக்கணக்கில் அதையேதான் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வெள்ளைத் தாளை ஒட்ட வைத்து, மேலே கண்ணாடிப் பலகையை அழுத்தி, துளைகளில் நிழல் விழாமல் செய்தேன். இப்போது கறுப்பாகத் தெரிவது மை மட்டும்தான். முதல் எழுத்து இருந்த இடத்தில், இடது ஓரத்தில் ஒரு நேர்க்கோடு மிஞ்சியிருந்தது. அப்படித் தொடங்குவது பிப்ரவரியின் எஃப், மார்ச், மே மாதங்களின் எம், நவம்பரின் என், டிசம்பரின் டி. மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் (FEB, DEC என்பதுபோல) என்பதால் கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும். அதன் அடிப்பகுதி மட்டும் இருந்தது. இடது மூலை வளைந்து ஏறுகிறது. பி, ஆர், ஒய், வி எதற்கும் அப்படி வராது. சி-க்குத்தான் வரும். கண்ணாடியை எடுத்துவிட்டு டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்தேன். தட்டச்சு அழுத்திய பள்ளத்தில் அதே வளைவு நிழலாகத் தெரிந்தது. டிசம்பர் 17, 1969. தாய்க் கம்பெனி!

இதனால் கதையே மாறிவிட்டது. 1970 ஜூன் 21 அன்று திவால் மனு போட்டது கீழே இருந்த டிரான்ஸ்போர்டேஷன் கம்பெனிதான். அதன் ரயில்கள் 1976 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க அரசு உருவாக்கிய கான்ரெயில் என்ற ரயில் கம்பெனிக்குப் போயின. ஆனால் கம்பெனி சாகவில்லை. 1978-இல் பென் சென்ட்ரல் கார்ப்பரேஷனாக எழுந்து, 1994-இல் ‘அமெரிக்கன் பிரீமியர் அண்டர்ரைட்டர்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு காப்பீட்டுப் பக்கம் போய்விட்டது. அந்த வம்சாவளி என் 1968 பத்திரத்துக்குப் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் தாய்க் கம்பெனியின் கதையைத் தனியாக எழுத வேண்டும். அந்த வருடங்களின் முதலீட்டுக் கையேடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதை விற்றவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. விளம்பரத்தில் ‘நல்ல நிலை’ என்று போட்டுவிட்டு, பிசுபிசுத்துப்போன பி.வி.சி. உறையில் அனுப்பியிருந்தார். மை உறையில் ஒட்டாமல் வந்தது என் அதிர்ஷ்டம். பாலியெஸ்டர் உறை தவிர வேறெதிலும் பத்திரத்தை வைக்காதீர்கள். லேமினேட் செய்ததை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து ஜார் காலத்து ரஷ்ய ரயில்வே கடன் பத்திரங்கள் மேல் ஆசை வந்திருக்கிறது. அந்தக் கடன்களை 1918-இல் சோவியத் அரசு செல்லாது என்று அறிவித்துவிட்டது. அதனால் தாளின் ஓரத்தில் இருக்கும் வட்டிச் சீட்டுகளான கூப்பன்களைக் கத்தரித்து வட்டி வாங்கியவர் எந்தத் தேதியோடு நிறுத்தினார் என்பது அங்கேயே தெரியும். ஒன்று வாங்கியும்விட்டேன், வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இந்த மூன்றையும் தனித்தனி உறையில் போட்டு, பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். 1968-க்கு மட்டும் எழுதியாயிற்று.