அம்மாவிடமே கேட்டு எழுதினோம்

அம்மாவுக்கு இதயம் தளர்ந்து, கூடவே சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கிய சமயம். மருத்துவர் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. அம்மாவையும் உட்கார வைத்து, "இதயம் நின்றுபோனால் நாங்கள் என்ன செய்யணும் அம்மா?" என்று அவரிடமே கேட்டார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

சிபிஆர் எனும் உயிர்மீட்பு சிகிச்சை என்றால் என்ன என்பதை அவர் மறைக்காமல் விளக்கினார். நெஞ்சுக்கூட்டை 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சகஜம். மூளைக்குச் சில நிமிடம் ரத்தம் போகாவிட்டாலே பாதிப்பு தொடங்கிவிடும். திடீரென்று நின்ற இதயத்தை மறுபடி ஓட வைக்க 1960-ல் வந்த முறை இது. பல உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவரும் உடம்பில் பலன் தருவது அரிது என்றார்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "சிபிஆர் வேண்டாம் என்று எழுதினால் அம்மாவைக் கைவிட்ட மாதிரி ஆகாதா?" என்றான். உயிர்மீட்பு மட்டும்தான் நிற்கும்; மருந்து, ஆக்சிஜன், வலிக்கான சிகிச்சை எல்லாம் தொடரும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நியாயமான கேள்விதான் அது. அந்த இடத்திலேயே கேட்டதால் பின்னால் வீட்டில் சண்டை வரவில்லை.

எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் படிவத்தில், அம்மா யோசித்துச் சொன்னதை அப்படியே எழுதினோம்: "உங்களை அடையாளம் தெரிந்து, நாலு வார்த்தை பேச முடிகிற வரைக்கும் வைத்தியம் பாருங்கள்." அதிலிருந்து மற்றதைப் பிரிப்பது சுலபமாகிவிட்டது. தொற்று வந்தால் மருந்து வேண்டும். ஆக்சிஜன் மாஸ்க் சரி. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டர் வேண்டாம். டயாலிசிஸ் தேவைப்பட்டால் சில வாரம் செய்து பார்க்கலாம், உடம்பு தேறாவிட்டால் நிறுத்திவிடலாம்.

தன் சார்பில் முடிவெடுக்க அம்மா என்னைத்தான் சொன்னார். "பெரியவனால் என்னைப் போக விட முடியாதுடி, உன்னால் முடியும்." அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனாலும் சம்மதித்தான். சாட்சி யார், அத்தாட்சி யாரிடம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். எங்களுக்கு மருத்துவமனை சமூகப் பணியாளர் வழிகாட்டினார்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. நாம் எழுதுவது விருப்ப ஆவணம். உயிர்மீட்பு வேண்டாம் என்ற உத்தரவை மருத்துவர்தான் தனியாக எழுத வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் ஆம்புலன்ஸில் வருபவர்கள் நெஞ்சை அழுத்தத்தான் செய்வார்கள், அது அவர்கள் கடமை. அப்புறம், ஒருமுறை மருத்துவமனையில் எழுதிய உத்தரவு அடுத்த முறை சேரும்போது தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. அம்மாவுக்கு நிமோனியா வந்து சேர்த்தபோது, அன்று பணியில் இருந்த மருத்துவரிடம் முதல் வேலையாக ஆவணத்தைக் கொடுத்தேன். அவர் அம்மாவிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு உத்தரவை எழுதினார். ஊசி மருந்தும் மாஸ்க்கும் வைத்தே தேறி அம்மா வீடு திரும்பினார்.

வந்ததும், "டயாலிசிஸ் வேண்டவே வேண்டாம்" என்றார். புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அண்ணனிடமும் குடும்ப மருத்துவரிடமும் இருந்த பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, புதியதைக் கொடுத்தோம்.