செம்பருத்திக்கு மாத்திரை கொடுத்த கதை

கீழ்வீட்டுக்காரர் காலை ஆறரை மணிக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தினால் அது நல்ல செய்தியாக இருக்காது. அன்று அவர் கையில் ஒரு வெள்ளைச் சட்டை. தோள்பட்டையில் பளீரென்று மஞ்சள் திட்டு.

"உங்க வீட்ல நாய் வளர்க்கிறீங்களா சார்?"

"இல்லையே சார்."

"பூனை?"

"அதுவும் இல்லை."

மேலிருந்து கீழாக என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் எங்கள் பால்கனிப் பக்கம் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வைக்கு என்ன அர்த்தம் என்று புரிந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

"ஐயோ சார், அது செடிக்கு ஊத்துன தண்ணி!"

நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். பால்கனித் தொட்டியில் இருக்கும் செம்பருத்தி இரண்டு மாதமாகச் சோர்ந்து கிடந்தது. இலை மஞ்சளாகி உதிர்கிறது, மொட்டு விரிவதற்குள் விழுகிறது. எரு போட்டேன், மண்ணைக் கிளறினேன், ஒன்றும் அசையவில்லை. அலுவலகத்தில் ஒருவர், "பி1 வைட்டமின் குடுங்க, வேர் சும்மா பிச்சுக்கிட்டு வளரும்" என்றார். வாய்ப்புண்ணுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் அட்டை வீட்டில் மீதமிருந்தது. பத்து மாத்திரையை இடித்து ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் மண்ணில் நின்றால்தானே? அடியில் இருக்கும் ஓட்டை வழியாக, மஞ்சள் மஞ்சளாக, நேராகக் கீழ்வீட்டுக் கொடிக்குப் போய்விட்டது. மாத்திரையின் மேல்பூச்சில் இருந்த சர்க்கரை மட்டும் தொட்டியிலேயே தங்கி, எறும்புகளுக்கு விருந்தானது.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். விஷயம் கேட்டுச் சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. "அப்பா, அந்த மஞ்சள் பி2. ரைபோஃப்ளேவின். வெளிச்சம் பட்டா சிதைஞ்சிடும், சட்டையை வெயில்ல போடச் சொல்லுங்க." அதை அவரிடம் போய்ச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

"சரி, வேருக்கு பி1 வேணும்ங்கிறது பொய்யா?"

"பொய் இல்லை. அதான் சிக்கலே."

வேர் சர்க்கரையை எரித்து வளர பி1 கட்டாயம் வேண்டுமாம். ஆனால் வேர் அதைத் தானாகப் போதுமான அளவு செய்துகொள்ளாது. இலைதான் செய்து, பட்டையை ஒட்டியிருக்கும் குழாய்களில் சர்க்கரையோடு சேர்த்துக் கீழே அனுப்புகிறது. 1934இல் ஃபிலிப் வைட் என்பவர் தக்காளி வேர்நுனியைத் தனியே வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். சர்க்கரையும் உப்புகளும் மட்டும் போதவில்லை, ஈஸ்ட் சாறும் வேண்டியிருந்தது. அந்தச் சாற்றில் வேருக்கு வேலை செய்தது முக்கியமாக பி1தான் என்று பின்னால் தெரிந்தது. இலையிலிருந்து பிரித்த வேருக்குத்தான் நாம் ஊட்ட வேண்டும். தலையில் இலையோடு நிற்கும் செடிக்குச் சாப்பாடு வீட்டிலேயே தயார்.

இந்தப் பித்து எனக்கு முன்பே பலருக்குப் பிடித்திருக்கிறது என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 1939 வாக்கில் அமெரிக்காவில் பி1 ஊற்றினால் ராட்சத ரோஜா பூக்கும் என்று ஒரு தோட்டப் பத்திரிகை எழுதப்போய், ஊரே வாங்கி ஊற்றியதாம். அப்புறம் சோதித்துப் பார்த்தபோது, வேரூன்றி நிற்கும் செடிகளுக்கு அதனால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை.

"எங்க ஆய்வகத்துல திசு வளர்க்கிற கரைசல்ல லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பி1தான் போடுவோம். நீங்க எவ்வளவு போட்டீங்க?"

அட்டையைப் பார்த்தேன். மாத்திரைக்கு 10 மில்லிகிராம். பத்து மாத்திரைக்கு 100. ஆயிரம் லிட்டர் கரைசலுக்கு ஆகிற வைட்டமினை ஒரே தொட்டியில் கவிழ்த்திருக்கிறேன். அதில் பி12 வேறு. எந்தச் செடியும் அதைச் செய்வதுமில்லை, அதற்குத் தேவையுமில்லை.

அதற்குள் அவள் செடியருகே குனிந்து தண்டைத் தடவ ஆரம்பித்தாள். "இது யார் கட்டின கம்பி?"

நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் காற்றில் சாயாமல் இருக்க, குச்சியோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இறுக்கி முறுக்கியிருந்தேன். அப்புறம் மறந்தே போனேன். தண்டு பருத்துக் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. கம்பிக்கு மேலே தொப்பை மாதிரி வீக்கம். கீழே ஒல்லி.

"மேல இலை செய்யுது, கீழ வேர் காத்துக்கிட்டிருக்கு, நடுவுல நீங்க வழியை மறிச்சிருக்கீங்க." ஜேம்ஸ் பானர் என்ற விஞ்ஞானி தக்காளித் தண்டில் வேண்டுமென்றே இப்படி வளையமாகத் தடை போட்டுப் பார்த்தாராம். தடைக்கு மேலே பி1 சேர்ந்துகொண்டதாம். 1942இல் கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் கட்டுரை எழுதாமல் அதே சோதனையைச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சர்க்கரையும் அதே வழியில்தான் இறங்க வேண்டும் என்பதால் வேர் உண்மையில் பட்டினியே கிடந்திருக்கிறது.

நல்லவேளை, ஒரு பக்கம் கம்பி இளகியிருந்ததால் பட்டை முழுக்க அறுபடவில்லை. கம்பியை வெட்டி எடுத்தோம். ஒரு மாதம் சும்மா நின்றது. அப்புறம் துளிர், அப்புறம் மொட்டு. இப்போது நாளுக்கு மூன்று பூ.

போன வாரம் படியில் கீழ்வீட்டுக்காரர் மறித்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரை பேர் என்ன சார்?" என்றார். கம்பிக் கதையை முழுசாகச் சொன்னேன். பட்டை, குழாய், தக்காளி, பானர் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், மாத்திரை பேர்?" என்றார். சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஆறரைக்குக் கீழே அழைப்பு மணி சத்தம். எட்டிப் பார்த்தேன். தரைத்தளத்து அம்மா கையில் ஒரு வெள்ளைப் போர்வையோடு கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.