பிப்பைக் கூப்பிட்டால் பிப்பே இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு, பழைய லேப்டாப்பில் இருந்த டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 11-இலிருந்து 12-க்கு ஏற்ற உட்கார்ந்தேன். மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் சோர்சஸ் பட்டியலில் புல்ஸ்ஐ (11-இன் பெயர்) என்று இருந்த இடத்திலெல்லாம் புக்வார்ம் (12-இன் பெயர்) என்று மாற்றி, அப்டேட், அப்கிரேட், கடைசியாக ஃபுல்-அப்கிரேட். இரண்டு மணி நேரம் ஓடியது. ரீபூட் செய்ததும் சமர்த்தாக எழுந்து நின்றது.

வம்பு ராத்திரிதான் வந்தது. வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரித்து வீட்டுக் கணக்கில் பதிய நான் எழுதிய சின்ன பைதான் நிரல் ஒன்று உண்டு. அதை ஓட்டினால் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’. அட்டவணைகளைக் கையாள அது நம்பியிருக்கும் பாண்டாஸ் என்ற பைதான் பேக்கேஜ் இல்லையாம். நேற்று வரை இருந்தது எங்கே போகும்? சரி, மறுபடி போட்டுவிடலாம் என்று, பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பைக் கூப்பிட்டு பிப் இன்ஸ்டால் அடித்தேன். பிப் என்ற மாட்யூலே இல்லை என்று பதில் வந்தது. சாவியைத் தேடப் போனால் பூட்டையும் காணோம்!

அப்புறம் செய்தது என் தப்பு. அந்த நிரலின் பேக்கேஜ்களைத் தனியாக வைத்திருந்த வென்வ் என்ற தனிச்சூழலை விட்டு வெளியே வந்து, சிஸ்டத்தின் பிப்பைக் கூப்பிட்டேன். ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று திரை நிறையச் செய்தி. எப்போதும் போல கடைசி வரிகளை மட்டும் பார்த்தேன். ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று சேர்த்தால் வேலை நடக்கும் என்றது. அந்தப் பெயரைப் பார்த்தாவது கை நின்றிருக்க வேண்டும். அடித்தேவிட்டேன். அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதால் தப்பித்தேன்.

திரும்ப அடிப்பதற்கு முன் மேலிருந்து படித்தேன். விஷயம் நியாயமானதுதான். ஆப்ட் நிறுவிய பல கருவிகள் இதே சிஸ்டம் பைதானில்தான் ஓடுகின்றன. பிப் வேறு பதிப்பைக் கொண்டுவந்து போட்டால் அவையும் அதை எடுத்துக்கொண்டு உடையலாம். அதனால்தான் டெபியன் 12-இல் இந்தத் தடை. வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

ஆனால் பாண்டாஸ் ஏன் காணாமல் போனது? வென்வின் ‘பின்’ (bin) ஃபோல்டருக்குள் போய், கோப்புகளை விவரமாகப் பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல் போட்டேன். அங்கே இருந்த பைதான்3 வெறும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி. அம்புக்குறி சிஸ்டத்தின் பைதான்3-ஐக் காட்டியது. முன்பு அது 3.9, இப்போது 3.11. என் பாண்டாஸும் பிப்பும் லிப் ஃபோல்டருக்குள் ‘பைதான்3.9’ என்ற அறையில் பத்திரமாகவே இருந்தன. புதிய பைதான் தேடிப்போனது ‘பைதான்3.11’ என்ற அறையை. அப்படி ஓர் அறையே அங்கு இல்லை.

புது வென்வ் போட்டால் முடிந்தது. ஆனால் என்னென்ன நிறுவியிருந்தேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய 3.9 அறையில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஃபோல்டர் இருந்தது. பெயரும் பதிப்பு எண்ணும் அதிலேயே. அதைப் பார்த்துப் பட்டியல் எடுத்தேன். பழைய பாண்டாஸ் பதிப்பையே கேட்டதும், 3.11-க்கு ஏற்ற ஆயத்தக் கோப்பு இல்லாமல் மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கிவிட்டது. லேப்டாப் விசிறி இரைந்தது. கன்ட்ரோல்-சி அடித்து, பதிப்பு எண்ணை எடுத்துவிட்டுக் கேட்டேன். ஒரு நிமிடத்தில் இறங்கியது.

கணக்கு பதிந்தது. கையோடு பிப் ஃப்ரீஸ் போட்டு, நிறுவியவற்றின் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்தேன். பழைய வென்வை ‘பழசு’ என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்திருக்கிறேன். அழிக்க இன்னும் மனசு வரவில்லை.